பையனுக்கு நெய்யும் முட்டையும் நிறுத்த வேண்டுமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் மகனுக்கு 9 வயது. 2 வருடமாகப் படி இறங்கும்போது தடுமாறுகிறான். கையெழுத்து கோணிவிட்டது, படிப்பும் பின்தங்கிவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தால் கால் மடங்கி நிஜமாகவே விழுந்துவிடுகிறான். பிறந்தபோது காமாலை 2 மாதம் விடவில்லை, மண்ணீரல் பெரிதாக இருக்கிறது என்றும் அப்போதே சொன்னார்கள். போன மாதம் மரபணுச் சோதனையில் நீமன்-பிக் சி, என்பிசி1 என்று வந்திருக்கிறது. செல்லுக்குள் கொலஸ்ட்ரால் சேருகிற நோய் என்றார்கள். அன்றே நெய், முட்டை, தேங்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். முட்டை தோசை கேட்டு அழுகிறான். ஆனால் அவன் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் 128தான் இருக்கிறது. இது எப்படி? பக்கத்துக் கட்டில் குழந்தைக்கும் இதேபோல மண்ணீரல் வீக்கம். 15 நாளுக்கு ஒருமுறை என்சைம் டிரிப் ஏற்றி வயிறு வடிந்துவிட்டது. என் மகனுக்கு மட்டும் அது கிடையாது என்கிறார்கள். பணம் கட்ட முடியாது என்று நினைத்துச் சொல்லாமல் விடுகிறார்களா? நான் தாய்மாமா மகனைத்தான் கட்டியிருக்கிறேன். எல்லாரும் அதைத்தான் குத்திக்காட்டுகிறார்கள். 4 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கும் வருமா?
ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, முதலில் சாப்பாட்டு விஷயத்தை முடித்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே நெய்யையும் முட்டையையும் தேங்காயையும் திரும்பக் கொடுக்க ஆரம்பியுங்கள். உங்கள் பையனின் நோய்க்கும் அவன் தட்டில் விழும் நெய்க்கும் சம்பந்தம் இல்லை. "கொலஸ்ட்ரால் சேருகிறது" என்று கேட்ட எந்தத் தாயும் நீங்கள் செய்ததைத்தான் செய்திருப்பார். அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டு மீதியைச் சொல்லாமல் விட்டது மருத்துவர்களாகிய எங்கள் தவறு. அந்த மீதியைச் சொன்னால் உங்கள் கேள்விகள் பலவற்றுக்கும் அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் லைசோசோம் என்று சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டூவ் 1955இல் இவற்றுக்குப் பெயர் வைத்தார். 1974இல் நோபல் பரிசும் பெற்றார். அந்தப் பைக்குள் அமிலம் இருக்கும், வெட்டிப்போடும் நொதிகள், அதாவது நீங்கள் சொன்ன என்சைம்கள், இருக்கும். வெளியிலிருந்து வருவதையும் செல்லுக்குள் பழசாகிப் போனதையும் அங்கேதான் பிரிக்கிறார்கள். உங்கள் ஊர்ப்பக்கத்து நெல் ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டை உள்ளே வரும், உமி நீங்கும், அரிசி வெளியே போகும். உமி நீக்குவது ஒரு வேலை, அரிசியைக் கதவு வழியாக வெளியே அனுப்புவது இன்னொரு வேலை.

ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் மூட்டை கட்டினாற்போலத்தான் செல்லுக்குள் வருகிறது. லைசோசோமுக்குள் ஒரு நொதி அந்த மூட்டையைப் பிரித்துத் தனிக் கொலஸ்ட்ராலாக்குகிறது. உங்கள் மகனுக்கு இந்த நொதி நன்றாகவே வேலை செய்கிறது. பிரித்த கொலஸ்ட்ராலை என்பிசி2 என்கிற சின்னப் புரதம் கையில் ஏந்திக்கொள்கிறது. அது சுமை தூக்குகிற ஆள் மாதிரி, பைக்குள் இங்கும் அங்கும் நீந்திக்கொண்டிருக்கும். அது கொண்டுபோய்க் கொடுக்கிற இடம் என்பிசி1. என்பிசி1 நீந்தாது, நகராது, பையின் சுவரில் பதிந்திருக்கிறது. 1,278 அமினோ அமிலங்கள் கோத்த நீளமான புரதம் அது. தையல் ஊசி துணியில் மேலும் கீழும் போய்வருவதுபோல, பையின் சுவரான மெல்லிய சவ்வை 13 முறை ஊடுருவி உட்கார்ந்திருக்கிறது.

சுவரில் ஏன் தனிக் கதவு வேண்டும்? உள்ளே இருக்கிற அமிலமும் நொதிகளும் பையின் சுவரையே தின்றுவிடக் கூடாது என்று, உட்புறம் முழுக்கச் சர்க்கரைச் சங்கிலிகளால் மெழுகிவைத்த மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சைத் தாண்டிக் கொலஸ்ட்ரால் தானாகப் போக முடியாது. என்பிசி1 அதை வாங்கி, பூச்சைக் கடத்திச் சவ்வுக்குள் சேர்க்கிறது. அங்கிருந்து செல்லின் மற்ற இடங்களுக்கு அது போகும்.

உங்கள் மகனுக்கு இந்தக் கதவு சரியாக அமையவில்லை. பிரித்த கொலஸ்ட்ரால் லைசோசோமுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதோடு சேர்ந்து ஸ்பிங்கோலிப்பிட் வகைக் கொழுப்புகளும் தேங்குகின்றன. செல்லுக்கு வேண்டிய கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிற இடம் லைசோசோமுக்கு வெளியே இருப்பதுதான் இதில் வேதனை. குடோனில் மூட்டை மூட்டையாக இருக்கிறது, அடுப்படியில் ஒரு படி அரிசி இல்லை. கணக்குப் பார்க்கிற இடம் "அரிசி தீர்ந்துவிட்டது" என்று எண்ணி, புதிதாகத் தயாரிக்கவும் இன்னும் மூட்டை இறக்கவும் சொல்கிறது. 1980களில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பீட்டர் பென்ட்சேவ் குழுவினர் இந்தக் கோளாற்றைக் கண்டுபிடித்தார்கள். என்பிசி1 மரபணு 1997இலும், என்பிசி2 2000இலும் அடையாளம் காணப்பட்டன.

ரத்தத்தில் 128 இருப்பது ஏன் என்று இப்போது புரியும். ரத்தம் என்பது சாலை. சாலையில் போகும் வண்டிகளை எண்ணி, பூட்டிய குடோனுக்குள் என்ன தேங்கியிருக்கிறது என்று சொல்ல முடியாது. இந்த நோயில் ரத்தக் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் சாதாரணமாகவோ குறைவாகவோதான் இருக்கும். இன்னொன்றும் கேளுங்கள். பாதிப்பு மூளையில்தான் அதிகம். மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது, ரத்தத்திலிருந்து ஏறக்குறைய எதையும் வாங்குவதில்லை. நீங்கள் நெய்யை நிறுத்தியது அவன் மூளைக்குள் ஒரு துளியைக்கூடக் குறைக்கவில்லை. வளரும் பையனுக்கு எடை மட்டும் குறைந்திருக்கும். கொலஸ்ட்ராலைக் குறைக்கிற மாத்திரைகளும் இந்த நோயைத் தடுப்பதில்லை. யாராவது எழுதிக்கொடுத்தால் எதற்கு என்று கேளுங்கள்.

சரி, டிரிப் விஷயத்துக்கு வருகிறேன். பணத்துக்காக யாரும் உங்களிடம் மறைக்கவில்லை, அம்மா. பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு என்ன நோய் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள் சொல்கிற மாதிரி 15 நாளுக்கு ஒருமுறை டிரிப் என்றால் அநேகமாகக் கோஷே நோயாக இருக்கும். அதில் பழுதானது நொதி, நெல் ஆலைக் கணக்கில் உமி நீக்குகிற இயந்திரம். அந்த நொதி லைசோசோமுக்குள் மிதக்கிற வகை. வெளியே தயாரித்து ரத்தத்தில் ஏற்றினால், செல் அதைப் பிடித்து விழுங்கும். விழுங்கினது போய்ச் சேருகிற இடம் லைசோசோம். அதனால்தான் அந்தக் குழந்தையின் வயிறு வடிந்தது.

கதவை அப்படி ஏற்ற முடியாது. என்பிசி1 செல்லுக்குள்ளேயே தயாராகி, தயாராகும்போதே சவ்வில் தைக்கப்பட்டு, அந்தச் சவ்வோடு சேர்ந்தே லைசோசோமுக்குப் போக வேண்டிய புரதம். எண்ணெய்ப் பசையுள்ள சவ்வில் வாழ்கிற பொருளைத் தண்ணீரில் கரைத்து டிரிப்பில் விட வழியில்லை. விட்டாலும் செல் அதை விழுங்கி, வந்ததை வெட்டுகிற அதே பைக்குள் போட்டு வெட்டிவிடும். போதாததற்கு, ரத்தத்தில் ஏற்றுகிற நொதிகளே பெரும்பாலும் மூளைக்குள் நுழைவதில்லை. உங்கள் மகனின் தொல்லையோ மூளையில் இருக்கிறது.

பெயரால் வருகிற குழப்பமும் உண்டு. நீமன்-பிக் ஏ, பி என்கிற வகைகள் நொதிக் குறைபாட்டு நோய்கள். அவற்றின் மூளை சாராத பாதிப்புகளுக்கு ஓலிப்யூடேஸ் ஆல்ஃபா என்கிற டிரிப் மருந்து 2022இல் அனுமதி பெற்றது. இணையத்தில் "நீமன்-பிக்குக்கு மருந்து வந்துவிட்டது" என்று யாராவது காட்டினால் அது இதுவாக இருக்கலாம். உங்கள் மகனுடையது சி. மண்ணீரல் வீங்குவது ஒன்றாக இருந்ததாலும், நுண்ணோக்கியில் நுரைத்தாற்போன்ற செல்கள் தெரிந்ததாலும் அந்தக் காலத்தில் ஒரே பெயரில் சேர்த்துவிட்டார்கள். உள்ளே நடப்பது வேறு வேறு.

மஜ்ஜை மாற்று பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். என்பிசி2 வகைக்கு அதைப் பற்றி யோசிக்க நியாயம் இருக்கிறது. அது மிதக்கிற புரதம் என்பதால், புதிய செல்கள் சுரந்து பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்க முடியும். என்பிசி1 சுவரில் பதிந்தது, ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குக் கடன் கொடுக்க முடியாது. மகனின் அறிக்கையில் "1" என்ற எண் இருப்பதன் கனம் இதுதான். ஸ்டெம் செல் ஏற்றிக் குணமாக்குகிறோம் என்று விளம்பரம் செய்கிற இடங்களில் தயவுசெய்து ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

கதவு பழுதான நோய் என்றாலே வழியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சிஸ்டினோசிஸ் என்று இன்னொரு நோய் உண்டு. அதிலும் லைசோசோம் சுவரில் ஒரு கதவுதான் பழுது. சிஸ்டின் என்கிற பொருள் வெளியேற முடியாமல் படிகமாக உறைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிஸ்டியமைன் என்கிற மருந்து அந்தச் சிஸ்டினை வேறு உருவுக்கு மாற்றி, பக்கத்தில் இருக்கிற இன்னொரு கதவு வழியாக வெளியே அனுப்பிவிடுகிறது. 1994இலிருந்து அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட மருந்து அது. பழுதான கதவைத் தொடவே இல்லை, குழந்தைகள் பல வருடங்கள் கூடுதலாக நன்றாக இருக்கிறார்கள். நான் மாணவனாக இருந்தபோது இதைப் படித்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. மனிதர்கள் இப்படியும் யோசித்தார்களே என்று அன்று முழுக்க அதே நினைப்பாக இருந்தது.

உங்கள் மகனுக்கு இன்று இருக்கும் மருந்துகளைச் சொல்கிறேன். முதலாவது மிக்லுஸ்டாட். ஐரோப்பாவில் 2009இல் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. இது கதவைத் திறப்பதில்லை. கொலஸ்ட்ராலோடு கூடவே தேங்குகிற ஸ்பிங்கோலிப்பிட்டுகளின் தயாரிப்பைக் குறைக்கிறது, அதாவது குடோனுக்கு வரத்து குறைகிறது. நரம்புப் பாதிப்பு முன்னேறும் வேகம் பல குழந்தைகளுக்கு இதனால் தணிகிறது. அப்புறம், 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒரே வாரத்துக்குள் 2 மருந்துகள் அனுமதி பெற்றன. மிக்லுஸ்டாட்டோடு சேர்த்துத் தரும் அரிமோக்ளோமால் ஒன்று, லெவசெட்டைல்லூசின் இன்னொன்று. பல குழந்தைகளுக்கு என்பிசி1 புரதம் தயாராகிறது, ஆனால் அது தன் உருவத்துக்கு வர வேண்டிய மடிப்பு சரியாக விழாததால் லைசோசோமை எட்டும் முன்பே செல் அதைக் கழித்துவிடுகிறது. மடிப்புக்கு உதவுகிற செல்லின் சொந்த ஏற்பாட்டைத் தூண்டும் நோக்கத்தில் உருவானது அரிமோக்ளோமால். எது உங்கள் மகனுக்குப் பொருந்தும், எது கிடைக்கும் என்பதை அவன் நரம்பியல் மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிட வேண்டும். இவற்றில் எதுவும் நோயை வேரோடு எடுப்பதில்லை, இழந்த எல்லாவற்றையும் திரும்பத் தருவதும் இல்லை. வேகத்தைக் குறைக்கின்றன. அதனால்தான் நாட்களைக் கடத்தக் கூடாது என்கிறேன்.

மிக்லுஸ்டாட் ஆரம்பித்தால் முதல் சில வாரம் பெரும்பாலும் வயிற்றுப்போக்கு வரும். குடலில் சர்க்கரை வகைகளைச் செரிக்கிற நொதிகளையும் அது தடுப்பதே காரணம். பயந்து மருந்தை நிறுத்தாதீர்கள். அந்தக் காலத்தில் பால், பாயசம், மிட்டாய், சர்க்கரை போட்ட பானங்கள் ஆகியவற்றைக் குறையுங்கள். சாப்பாட்டோடு சேர்க்காமல் இடைவெளி விட்டு மாத்திரையைக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆக, அவனுக்குக் குறைக்க வேண்டியது ஏதாவது இருந்தால் அது பாலும் சர்க்கரையும்தான், அதுவும் மருந்தின் பக்க விளைவுக்காக.

செலவு பற்றி. 2021இல் மத்திய அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை அறிவித்தது. பட்டியலில் உள்ள நோய்களுக்கு, அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் மூலம் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையின் மரபியல் பிரிவில் மகனின் அறிக்கையைக் காட்டி, இன்றைய பட்டியலில் அவனுக்கு வழி இருக்கிறதா என்று கேளுங்கள். மாற்றுத்திறனாளி அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாள்பட்ட நரம்பியல் நோய்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தேர்வில் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள் என்று கேட்க அந்த அட்டை உதவும்.

இனி அந்தக் குத்திக்காட்டு. உங்கள் அம்மாவைப் பெற்றவர்களும் உங்கள் கணவரின் அப்பாவைப் பெற்றவர்களும் ஒருவரேதான். அந்தத் தாத்தா பாட்டியில் ஒருவரிடம் என்பிசி1 மரபணுவின் ஒரு பிரதி பழுதாக இருந்திருக்கலாம். 2 பிரதிகளில் ஒன்று நன்றாக இருந்தாலே போதும் என்பதால் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. அந்தப் பிரதி உங்கள் அம்மா வழியாக உங்களுக்கும், மாமா வழியாக உங்கள் கணவருக்கும் வந்து, இருவரிடமிருந்தும் மகனுக்கு வந்து சேர்ந்திருக்கும். சொந்தத்தில் கட்டினால் இந்த வாய்ப்பு கூடும் என்பது உண்மை, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் சொந்தத்தில் கட்டியவர்களில் பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைகள்தான் பிறக்கின்றன. உறவே இல்லாத தம்பதிகளுக்கும் இந்த நோயுள்ள குழந்தை பிறக்கிறது. முக்கியமாக, ஒரு பழுது உங்களிடமிருந்து, ஒரு பழுது உங்கள் கணவரிடமிருந்து. சரிபாதி. உங்களை மட்டும் நிறுத்திக் கேள்வி கேட்க மருத்துவத்தில் இடமே இல்லை. இதை உங்கள் அத்தையும் மாமாவும் படிக்கட்டும் என்றுதான் இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் யார்மவுத் பகுதியில், பிரெஞ்சு வழிவந்த அகேடிய மக்களிடம் இதே நோய் அதிகமாக இருந்தது. வேறு நோய் என்று எண்ணி நீமன்-பிக் டி என்று தனிப் பெயரே வைத்திருந்தார்கள். பிறகு பார்த்தால் அதே என்பிசி1 மரபணு. வம்சாவளியைத் தோண்டியபோது 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்த ஒரு தம்பதியிடம் போய் நின்றது. சின்னச் சமூகம், தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டார்கள், ஒளிந்திருந்த பழுது பல தலைமுறை கழித்துச் சேர்ந்துகொண்டது. யாரைக் குற்றம் சொல்வது?

மகளுக்கு நோய் இருக்க 4இல் 1 வாய்ப்பு. மகனிடம் கண்ட அதே மாற்றத்தை அவள் ரத்தத்தில் தேடினால் போதும், முழுச் சோதனை வேண்டியதில்லை. செய்துவிடுங்கள். அவளுக்கு இருந்தால், தடுமாற்றம் தொடங்கும் முன்பே கவனிக்க ஆரம்பிக்கலாம். இல்லையென்றால் இந்தப் பயத்தோடு நீங்கள் அவள் ஓடுவதையும் ஏறுவதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அவள் ஒரு பழுதான பிரதியோடு மட்டும் இருந்தால் அதனால் அவளுக்கு ஒரு தொல்லையும் வராது. பிற்காலத்தில் சொந்தத்தில் வரன் பார்த்தால் மாப்பிள்ளைக்கும் சோதனை செய்துகொள்ள வேண்டும், அவ்வளவே. நீங்கள் மறுபடி கருவுற்றால், 11இலிருந்து 13 வாரத்துக்குள் நச்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்க முடியும். கருவுறும் முன்பே மரபியல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, அவனோடு இருக்கிற அன்றாடம். படியில் அவன் தடுமாறுவது காலால் மட்டும் அல்ல. கண்ணைச் சட்டென்று கீழே இறக்குகிற கட்டளை மூளையிலிருந்து போவதில்லை. நான் பயிற்சியில் இருந்த வருடங்களில் 11 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். மாடிப்படியின் உச்சியில் நின்று அழுவாள் என்பதால் பள்ளியில் பயந்தாங்கொள்ளி என்று பெயர். நாங்களும் மனநல ஆலோசனைக்கு அனுப்பினோம். ஒரு நாள் அவள் சாப்பிடுவதைத் தற்செயலாகப் பார்த்தேன். மோவாய் நெஞ்சில் முட்டும் அளவுக்குத் தலையைக் குனிந்துகொண்டுதான் தட்டைப் பார்த்தாள். "மின்விசிறியைப் பார், இப்போது உன் காலைப் பார்" என்றேன். விசிறியைப் பார்க்கவே கண் மெதுவாகத்தான் ஏறியது. காலைப் பார்க்கச் சொன்னபோது இமைகளைச் சிமிட்டிவிட்டு, கண்ணை நகர்த்த முடியாமல் தலையையே இறக்கினாள். அவள் பயப்படவில்லை, அவளுக்குப் படி தெரியவே இல்லை. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்தக் குழந்தையிடம் நான் இன்னும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதனால் உங்கள் மகனை யாரும் "பார்த்து நட" என்று அதட்ட வேண்டாம். படி விளிம்புகளில் மஞ்சள் பட்டை ஒட்டுங்கள், கைப்பிடி போடுங்கள். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்துக் குனிந்து எழுதச் சொல்லாமல், சாய்வாக நிற்கிற மேசைப் பலகை கொடுக்கச் சொல்லுங்கள். சிரிக்கும்போது விழுவது வலிப்பு அல்ல, தசையின் பலம் ஒரு கணம் அற்றுப்போவது. அதற்குத் தனி மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்காக அவனைச் சிரிக்கவிடாமல் இருக்காதீர்கள். தரையில் பாய் விரித்து உட்காரவைத்துச் சிரிக்கவையுங்கள். தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா என்று கவனியுங்கள். ஏறினால், தண்ணீரைவிடக் கொஞ்சம் கெட்டியான கஞ்சி, கூழ் போன்றவை பாதுகாப்பு. விழுங்கும் பயிற்சி தருகிற நிபுணரிடம் இப்போதே ஒருமுறை காட்டிவிடுங்கள், மோசமாகும்வரை காத்திருக்க வேண்டாம்.

இன்று ராத்திரி முட்டை தோசை ஊற்றுங்கள். அவன் தட்டைத் தரையில் வைக்காமல் ஒரு சின்ன முக்காலிமேல் நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள், குனியாமலே கண்ணுக்குத் தெரியும். சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்துப் போடுங்கள். ஒரு வாய் விழுங்கி முடித்த பிறகு அடுத்த வாய், அவசரமில்லை.